மணக்கும் ஆர்க்கிட் மலையூர்களுக்கு மட்டும் உரியதன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டுக்குள் வளர்க்கத்தக்க செடிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதில் ஆர்க்கிட் செடிகள் ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களுக்கே ஏற்றவை என்றும், சமவெளியில் வளர்க்க விரும்புவோர் அவற்றைக் குளிரூட்டிய அறையில் வைத்து, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய தொட்டியில் நட்டு, நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. சென்னையில் கடலுக்கு அருகே, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கிழக்குப் பார்த்த ஜன்னலில், இரவில் மணம் வீசும் வெப்பமண்டல ஆர்க்கிட் ஒன்றைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, இக்கருத்துகளை மறுத்து எழுதுவது அவசியம் என்று கருதுகிறேன். அந்த அறிவுரைகளை அப்படியே பின்பற்றினால் பெரும்பாலான ஆர்க்கிட்டுகள் வேர் அழுகி மடியும். மடிந்த பிறகு, நம் ஊர் வெயில்தான் அதைக் கொன்றது என்று வளர்த்தவர் முடிவுகட்டி, மறுபடி ஆர்க்கிட் பக்கம் திரும்பவே மாட்டார். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இதுதான் நடந்திருக்கிறது.

வெயில் ஆகாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நகரத்துப் பூக்கடைகளிலும் அன்பளிப்புக் கடைகளிலும் ஆர்க்கிட் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ஃபலனாப்சிஸ் கலப்பினம்தான். அகன்ற இலைகளும், வளைந்த காம்பில் வரிசையாக அமர்ந்த வெள்ளை அல்லது ஊதா நிறப் பூக்களும் கொண்ட அந்தச் செடி அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடைக்கு வருபவற்றுள் பெரும்பான்மைக்கு மணம் இல்லை. அதைவிட முக்கியமானது, அதன் பூக்காம்பு எழுவதற்கு வேண்டிய வெப்பநிலை. பண்ணைகளில் அதைப் பகலில் 25 டிகிரி செல்சியஸ் அளவிலும் இரவில் 20 டிகிரி அளவிலும் பல வாரங்கள் வைத்திருந்துதான் காம்பு விடச் செய்கிறார்கள். வெப்பம் தொடர்ந்து 28 டிகிரிக்கு மேல் இருந்தால், செடி நலமாக இருந்துகொண்டே இலைகளை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே சென்னையிலோ திருச்சியிலோ ஒருவர் வாங்கி வந்த ஃபலனாப்சிஸ் ஒருமுறை பூத்து, பிறகு பூக்காமலே நின்றுவிட்டால், அதில் வியப்பில்லை. அந்த ஒரு செடியின் இயல்பை இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு குடும்பத்தின் இயல்பாகக் கொள்வதுதான் தவறு. அந்தக் குடும்பத்தில் இமயமலைக் குளிரில் வாழ்பவையும் உண்டு, கடற்கரை வெக்கையில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்பவையும் உண்டு. நாம் செய்ய வேண்டியது நம் ஊருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே.

நான் வளர்ப்பது பிராசவோலா நோடோசா என்னும் இனம். மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்க நாடுகள் வழியாக வெனிசுலா வரையிலும், கரீபியத் தீவுகள் சிலவற்றிலும் அது இயற்கையாக வளர்கிறது. தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டிலேயே இதற்கு வேறொரு பெயர் சூட்டிப் பதிவு செய்திருக்கிறார்; இப்போதைய பெயரை 1831-இல் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் வழங்கினார். இந்தச் செடியின் சொந்த இடம் குளிர்ந்த மலை அன்று. கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரம் வரை, அலையாத்தி மரங்களின் கிளைகளிலும் கடலோரப் பாறைகளிலும் உலர்ந்த காட்டு மரங்களிலும் வெயிலும் உப்புக்காற்றும் படும்படி அது ஒட்டி வாழ்கிறது. மழைக்காலத்தில் நனைந்து, கோடையில் வாரக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைத்துக்கொள்ளும். சென்னைக் கடற்கரையின் வெக்கையும் ஈரக்காற்றும் நமக்குத்தான் தொல்லையே தவிர, இந்தச் செடிக்கு அவை பிறந்த வீட்டுச் சூழ்நிலை.

அதன் இலைகளைப் பார்த்தாலே இது விளங்கும். அகலமான தட்டை இலைகள் அதற்கு இல்லை. பென்சில் பருமனில் உருண்டு திரண்ட, சாறு நிறைந்த, ஒரு பக்கம் பள்ளம் ஓடும் இலைகளே உண்டு. நீரைச் சேமித்துக் கொள்வதற்காக ஏற்பட்ட வடிவம் அது. கற்றாழையையும் அன்னாசியையும் போல, இந்தச் செடியும் பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கிறது. இந்த உண்மையை எடுத்துக்கொண்டு, படுக்கையறையில் ஓர் ஆர்க்கிட் வைத்தால் அறைக் காற்று முழுவதும் தூய்மையாகிவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரு சிறு செடியால் அவ்வளவு செய்ய இயலாது. நான் அதை வளர்ப்பது அதன் மணத்துக்காக.

மணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதை அறியாமல் பலர் ஏமாந்து போகிறார்கள். பகலில் இந்தப் பூவை மூக்கருகே கொண்டு சென்றாலும் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்து விளக்கேற்றும் நேரத்துக்குப் பிறகுதான் மணம் எழத் தொடங்கும். இரவு ஏற ஏற வலுக்கும். எலுமிச்சைப் பூவின் புளிப்பும் சம்பங்கியின் இனிமையும் கலந்தாற்போன்ற அந்த மணம் ஒரு கூடத்தை முழுமையாக நிரப்பிவிடும். வாங்கிய மறுநாள் காலையில் முகர்ந்து பார்த்துவிட்டு, மணமில்லாத செடியைக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். இந்தப் பூ மகரந்தச் சேர்க்கைக்கு நம்பியிருப்பது தேனீக்களை அல்ல, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகளை. அவை இருட்டில் பறப்பவை. அவற்றை அழைக்கத்தான் இருட்டில் தெரியும் வெள்ளை இதழும், இருட்டில் பரவும் மணமும். தேனும் பூவின் மேற்பரப்பில் இல்லை. சூலகத்தை ஒட்டி உள்ளே செல்லும் ஓர் ஒடுங்கிய குழாயில் இருக்கிறது. அந்தக் குழாயை எட்டும் அளவுக்கு நீண்ட குழல் கொண்ட பூச்சிக்கே அது கிடைக்கும். நம் முற்றங்களில் வளரும் முல்லை, பவளமல்லி, சம்பங்கி, மரமல்லி ஆகியவையும் வெண்மையாகவும் மாலைக்கு மேல் மணப்பவையாகவும் இருப்பதற்குக் காரணம் ஏறத்தாழ இதேதான். மாலைப் பொழுதை முல்லைக்கு உரியதாக வகுத்த தமிழருக்கு, கடல் கடந்து வந்த இந்தப் பூவின் பழக்கம் அந்நியமாகத் தோன்றாது.

ஒரு காம்பில் ஒன்று முதல் ஆறு பூக்கள் வரை வரும். பச்சை கலந்த குறுகிய இதழ்கள் ஐந்தும், அவற்றின் நடுவே இதய வடிவில், உதடு எனப்படும் தூய வெள்ளை இதழும் இருக்கும். நன்கு வேரூன்றிய செடி நம் வெப்பத்தில் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேலும் பூக்கிறது. மொட்டு விட்ட பிறகு செடியை இடம் மாற்றினால் மொட்டு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். ஆகவே பூ முழுமையாக மலரும் வரை காத்திருந்து, அதன் பிறகு மாலையில் உணவு மேசைக்குக் கொண்டுவந்து, காலையில் மீண்டும் ஜன்னலுக்குக் கொண்டுபோவது நல்லது. அவ்வாறு கொண்டுவரும்போது பழுத்த வாழைப்பழம், மாம்பழக் கூடை ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது. பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு ஆர்க்கிட் பூக்களை விரைந்து வாட்டிவிடும். புகையிலும் அந்த வாயு உண்டு என்பதால், சாம்பிராணி போடும் நாளில் பூத்த செடியைப் பூசை அறையிலிருந்து தள்ளி வைப்பது நலம். கடும் மணம் தலைவலி தரும் இயல்புடையவர்கள் வீட்டில் இருந்தால் படுக்கையறையில் இதை வைக்காதிருப்பதே சரி.

இனி வளர்க்கும் முறைக்கு வருகிறேன். கட்டுரையாளர் நீரைப் பற்றி நிறையவும் ஒளியைப் பற்றி ஒரே வரியும் எழுதியிருந்தார். வீட்டுக்குள் வளரும் ஆர்க்கிட் பூக்காமல் போவதற்கு முதற்காரணம் ஒளிக்குறைவு என்பது என் உறுதியான கருத்து. மனிதக் கண் ஒளிக்குறைவை எளிதில் சமன்செய்து கொள்வதால், நமக்கு நல்ல வெளிச்சமாகத் தோன்றும் கூடத்தின் நடுப்பகுதியில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) ஒளியே இருக்கிறது. பிராசவோலா நன்றாகப் பூப்பதற்கு 20,000 லக்ஸுக்குக் குறையாத ஒளி நாளின் நல்லதொரு பகுதியில் வேண்டும். கைப்பேசியில் ஒளியை அளக்கும் செயலி கொண்டு சோதித்தால், ஜன்னலை ஒட்டிய இடத்துக்கும் அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளிய இடத்துக்கும் உள்ள வேறுபாடு எவரையும் திகைக்கச் செய்யும். தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்திலும் புத்தக அலமாரியின் மேலும் ஆர்க்கிட் வைத்திருப்பது படத்துக்கு அழகாக இருக்கலாம். செடிக்கு அது பட்டினி.

ஜன்னலின் திசையைப் பற்றி வெளிநாட்டு நூல்களும் காணொளிகளும் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தெற்குப் பார்த்த ஜன்னலே சிறந்தது என்று அவை சொல்வது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்தும், ஏனெனில் அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்து நிற்கிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது; அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, வடக்கு ஜன்னலில் விழும். ஐப்பசியிலிருந்து மாசி வரை இது தலைகீழாகும். ஆகவே நம் ஊரில் ஆண்டு முழுவதும் மாறாமல் பயன் தருவது கிழக்கு ஜன்னல்தான். காலை பத்து மணி வரை விழும் நேர் வெயிலை இந்தச் செடி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். மேற்கு ஜன்னல் மட்டுமே உள்ளவர்கள் பங்குனி முதல் ஆனி வரை மெல்லிய வெள்ளைத் திரையோ நிழல்வலையோ கட்டிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பிற்பகல் வெயிலில் சூடேறிய கண்ணாடியும் கம்பியும் இலையைச் சுட்டுவிடும். ஒளி போதுமா என்பதை இலையே சொல்லும்: கரும்பச்சையாக, நீண்டு துவண்டு தொங்கினால் ஒளி போதவில்லை, வெளிர்பச்சையாக, செம்புள்ளிகள் சில தூவினாற்போல விறைத்து நின்றால் சரியான அளவு, மஞ்சளாகி வெளுத்தால் மிகுதி. ஜன்னலே இல்லாத வீடுகளில் முழுநிறமாலை எல்.இ.டி. குழல்விளக்கைச் செடிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பொருத்தி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். அதுவும் பலன் தரும், ஆனால் சூரியனுக்கு ஈடாகாது.

நீரைப் பற்றிய கட்டுரையின் அறிவுரைதான் மிகவும் கெடுதலானது. இந்த ஆர்க்கிட்டின் வேர் மண்ணில் புதைந்து வாழும் வேர் அன்று. மரப்பட்டையின் மேல் காற்றில் படர்வதற்கு ஏற்றபடி, வெலாமன் எனப்படும் வெள்ளை நிறப் பஞ்சுறை ஒன்று அதைச் சுற்றிலும் போர்த்தியிருக்கிறது. மழை பட்ட நொடியில் அந்த உறை நீரை உறிஞ்சிப் பச்சை நிறமாகிறது. சில மணி நேரத்தில் காய்ந்து மறுபடி வெள்ளி நிறமடைகிறது. இந்த நனைவும் காய்வும் மாறி மாறி நிகழ வேண்டும். நார்க்கழிவு நிரப்பிய ஞெகிழித் தொட்டியில் வேர் எப்போதும் ஈரத்தில் கிடந்தால், காற்று கிடைக்காமல் மூச்சு முட்டி அழுகும். வேர் அழுகிய செடியின் இலை சுருங்குவதைக் கண்டு, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவோரே அதிகம். இலை சுருங்கினால் முதலில் வேரைப் பார்க்க வேண்டும். உறுதியாக, வெள்ளையாக இருந்தால் நீர் தேவை. பழுப்பாகி, அழுத்தினால் தோல் கழன்று நூல்போல் நின்றால், அழுகியதை வெட்டி எறிந்துவிட்டுச் சில நாள் காய விட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் ஊற்றுவது என்ற கேள்விக்கு நாட்கணக்கில் விடை சொல்வதே தவறான பழக்கம். வேர் வெள்ளி நிறமாகும் வரை காத்திருந்து, பிறகு நீர் வழிந்தோடும்படி நன்றாக நனைக்க வேண்டும். கட்டையில் கட்டிய செடிக்குச் சித்திரை, வைகாசியில் காலையும் மாலையும்கூடத் தேவைப்படும். ஓட்டுத்துண்டில் நட்ட செடிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறையே போதுமானதாகிவிடும்.

எப்படி ஊற்றுவது என்பதைப் போலவே, எந்த நீரை ஊற்றுவது என்பதும் நம் ஊரில் பெரிய கேள்வி. சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுகிறது. ஆர்க்கிட் வேருக்கு இருநூறுக்குள் இருப்பது நல்லது. உப்புநீர் ஊற்றிய செடியின் வேர் நுனி கருகும், இலை நுனி பழுப்பாகும், தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டும். கடலோர மரத்தில் வாழும் செடிக்கு உப்பு என்ன செய்யும் என்று ஒரு நண்பர் கேட்டார். இயற்கையில் காற்றோடு வந்து படியும் உப்பை அடுத்த மழை கழுவிவிடுகிறது. தொட்டியில் ஊற்றும் உப்போ நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது. மழைநீரே முதல் தரம். வடகிழக்குப் பருவமழையின்போது மொட்டை மாடியில் முதல் மழையை ஓடவிட்டு, அடுத்து வருவதை மூடிய கலன்களில் பிடித்து வைத்தால், சில செடிகளுக்குக் கோடை வரைக்கும் வரும். அது தீர்ந்தால் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி தரும் நீரைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் கருவியிலிருந்து கழிவாக வெளியேறும் நீரை, வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உப்பு முழுவதும் செறிந்திருப்பது அந்த நீரில்தான்; தரையைத் துடைக்க அது ஆகும், ஆர்க்கிட்டுக்கு ஆகாது.

நடுவதற்கு எளிய பொருள்களே போதும். பக்கங்களில் துளையிட்ட மண்தொட்டியில் உடைந்த ஓட்டுத்துண்டுகளும் அடுப்புக்கரித் துண்டுகளும் நிரப்பி, செடியின் அடித்தண்டு மேலே தெரியும்படி வைத்து, வேர் பிடிக்கும் வரை ஆடாமல் கட்டிவிட வேண்டும். ஆடும் செடி வேர் பிடிக்காது. அதைவிட நல்லது, நன்கு காய்ந்த கட்டையிலோ தேங்காய் மட்டையிலோ கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவது. தேங்காய் மட்டையில் இயற்கையாகவே உப்பு இருப்பதால், அதைச் சில நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். செடியை வேறு தொட்டிக்கோ கட்டைக்கோ மாற்றுவதானால், புதிய தளிரின் அடியிலிருந்து பச்சை நுனியுடன் புது வேர் எட்டிப் பார்க்கும் தருணமே உகந்தது; வேறு எந்த நேரத்தில் மாற்றினாலும் செடி பல மாதங்கள் மந்தித்து நிற்கும்.

உரம் சிறிதளவே போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம் கலந்து, நனைந்த வேரின் மேல் வாரம் ஒருமுறை தெளித்து, மாதம் ஒருமுறை வெறும் நீரால் அலசிவிட்டால் சரியாக இருக்கும். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இலையின் அடியிலும் தண்டின் காய்ந்த உறைக்குள்ளும் ஒளிந்திருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுத்து, சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெயை மாலை வேளையில் தெளித்தால் அடங்கும்.

குளிரூட்டிய அறை இந்தச் செடிக்குத் தேவையில்லை என்பது மட்டுமன்று, அது கெடுதலும்கூட. அந்தக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் மொட்டுகள் விரியும் முன்பே காய்கின்றன. மின்விசிறி மெல்லச் சுழலும் சாதாரணக் கூடமும் திறந்து வைத்த ஜன்னலுமே அதற்கு வேண்டியவை. சென்னைக் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் நண்பகல் வெயிலிலிருந்து காத்து, காலையும் மாலையும் நனைத்தால் போதும்.

என் ஜன்னலில் அவ்வளவு வெயில் வராதே என்று கேட்கும் வாசகர்களுக்காக இன்னொரு செடியையும் குறிப்பிட வேண்டும். ஃபலனாப்சிஸ் பேரினத்திலேயே, போர்னியோ தீவின் தாழ்நிலக் காடுகளில் வாழும் பெல்லினா என்னும் இனம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் கலப்பினத்துக்கு உறவு என்றாலும் அதன் இயல்பு வேறு. அது வெப்பத்தை விரும்புகிறது, மிதமான ஒளியில் பூக்கிறது, பகலில் மணக்கிறது. அதன் மணத்துக்குக் காரணம் ரோஜாவில் உள்ள ஜெரானியாலும், கொத்தமல்லி விதையில் உள்ள லினலூலும் ஆகிய மணப்பொருள்கள். பூ வாடியதும் பச்சையாக இருக்கும் காம்பை வெட்டிவிடக் கூடாது. அதே காம்பின் நுனியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் மீண்டும் பூக்கும். இதற்கு நேர் வெயில் ஆகாது, வேர் அவ்வளவு காயவும் கூடாது.

நல்ல வெயில் விழும் பால்கனி உள்ளவர்களுக்கு வாண்டா டெசலேட்டா இருக்கிறது. அது அயல்நாட்டுச் செடி அன்று. தமிழ்நாட்டின் சமவெளியிலும் குன்றுகளிலும் மாமரத்திலும் புளியமரத்திலும் தானாக வளர்வது. பழுப்புக் கட்டங்கள் ஓடிய இதழும் நீலம் தோய்ந்த உதடும் இனிய மணமும் உடைய பூ அது. அசாமில் ரங்காலி பிகு என்னும் புத்தாண்டு விழாவின்போது பெண்கள் வேறோர் இனமான நரிவால் ஆர்க்கிட்டின் பூங்கொத்தைக் கூந்தலில் சூடிக்கொள்கிறார்கள். பூச்சூடும் வழக்கத்தில் எவருக்கும் சளைக்காத நாம், நம் புளியமரத்தில் பூக்கும் ஆர்க்கிட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே.

இந்த இடத்தில்தான் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. மலையூர்களின் சாலையோரங்களில் மரத்திலிருந்து பிய்த்தெடுத்த ஆர்க்கிட் கொத்துகளை மலிவு விலைக்கு விற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவற்றை வாங்கக் கூடாது. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது வனச்சட்டப்படி குற்றம். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, பாஃபியோபெடிலம் இனங்கள் ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பெயர் சொல்லியே காக்கப்பட்டவை. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும், அப்படிப் பிய்த்த செடியின் வேர் பாதிக்குமேல் மரப்பட்டையிலேயே அறுந்து நின்றுவிடுவதால், வீட்டில் அது பிழைப்பது கடினம். காட்டில் அதன் இடத்தை இன்னொரு செடி பிடிப்பதும் எளிதன்று. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைத்தெழத் தேவையான உணவு அதனுள் இல்லை. குறிப்பிட்ட பூஞ்சை ஒன்று துணைக்கு வந்தால்தான் முளைக்கும். ஒரு காயில் எண்ணற்ற விதைகள் இருந்தும் மரத்தில் செடிகள் அரிதாகவே தென்படுவதற்குக் காரணம் இதுதான். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர், சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த கூழில் பூஞ்சையின் துணையின்றியே ஆர்க்கிட் விதைகளை முளைக்கச் செய்யலாம் என்று காட்டினார். அந்த வழியில் ஆய்வகக் குடுவையில் முளைத்து வளர்ந்த நாற்றுகள் இன்று நம் நாட்டு நாற்றுப்பண்ணைகளிலும் கிடைக்கின்றன. வேர்கள் முழுமையாக, அறுபடாமல், ஒரே சீராக இருப்பதும், இலைகளில் பாசியும் பூச்சி அரித்த வடுவும் இல்லாதிருப்பதும் நாற்றுப்பண்ணைச் செடியின் அடையாளங்கள். சிறு நாற்றாக வாங்கினால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அவசரமுள்ளவர்கள் சற்று அதிக விலை கொடுத்து, ஏற்கெனவே ஒருமுறை பூத்த செடியாகக் கேட்டு வாங்கலாம்.

இது தொடர்பாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. சிக்கிமின் பாக்யோங்கில் ஆர்க்கிட்டுகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்று 1996 முதல் இயங்குகிறது. அறிவும் நுட்பமும் நாட்டில் இருக்கும்போது, வாண்டா டெசலேட்டா போன்ற நம் மண்ணின் மணமுள்ள ஆர்க்கிட்டுகளை விதையிலிருந்து வளர்த்து, தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை தன் நாற்றுப்பண்ணைகளிலும் பூங்கா விற்பனை நிலையங்களிலும் குறைந்த விலைக்கு வழங்க முன்வர வேண்டும். மாமரக் கன்றும் கொய்யாக் கன்றும் விற்கும் அதே இடத்தில், ஆய்வகத்தில் வளர்த்தது என்ற சீட்டுடன் இந்தச் செடியும் கிடைத்தால், காட்டிலிருந்து பிய்ப்பவர்களின் வணிகம் தானாகவே குறையும்.

இரண்டாவது வேண்டுகோள் தங்களுக்கு. அடுத்து வரும் இணைப்பில் ஆர்க்கிட் பற்றிய கட்டுரையின் திருத்தத்தை வெளியிடுவதோடு, இனி செடிகளைப் பற்றி எழுதுவோர் எந்த இனத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதைப் பெயரோடு குறிப்பிடும்படியும், அந்த அறிவுரை மலைக்கா கடற்கரைக்கா உள்மாவட்டத்துக்கா என்பதைத் தெளிவாக்கும்படியும் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருவான்மியூர், சென்னை.